பச்சை வட்டம்: மலை இல்லாத ஊரிலிருந்து மலை சைக்கிள் தடங்களைப் பற்றிச் சில குறிப்புகள்

எந்த நாட்டு மலை சைக்கிள் பூங்காவின் அறிமுகத்தை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: எல்லாத் திறன் நிலையினருக்கும் ஏற்ற தடங்கள். கத்துக்குட்டியும் வரலாம், கைதேர்ந்தவரும் வரலாம், ஆறு வயசுப் பிள்ளையையும் கூட்டிட்டு வரலாம். கொஞ்ச நாளாக இந்தத் தடங்களின் வரைபடங்களையும் தரக்குறியீடுகளையும் கட்டுமான விதிகளையும் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். பரமக்குடியில் உட்கார்ந்துகொண்டு மலை சைக்கிளைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று நீங்கள் சிரிக்கலாம். எங்க ஊரில் ஏற்றம் என்று சொன்னால் வைகைப் பாலத்தில் ஏறுவதுதான். அதற்கே சிலர் சீட்டை விட்டு எழுந்து மிதிப்பார்கள். ஆனால் அந்த ஒரு வரியைச் சமதரையிலிருந்து படிக்கும்போது அதில் எது நிஜம், எது விளம்பரம் என்பது நன்றாகவே தெரிகிறது.

முதலில் குறியீடுகள். இம்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச மலை சைக்கிள் சங்கம் 1988-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. பனிச்சறுக்கு மைதானங்களில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த அடையாளங்களை அது சைக்கிள் தடங்களுக்கு எடுத்துக்கொண்டது. வெள்ளை வட்டம் மிக எளிது. பச்சை வட்டம் எளிது. நீலச் சதுரம் கொஞ்சம் கடினம். சீட்டுக்கட்டில் வருகிற டைமண்ட் வடிவம் கறுப்பில் இருந்தால் ரொம்பக் கடினம். கறுப்பு டைமண்ட் இரண்டு சேர்ந்திருந்தால் வீட்டில் சொல்லிவிட்டுப் போகணும். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள்கூட வடிவத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடு.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் அளவுகள் இருக்கின்றன. தடத்தின் அகலம் வெள்ளைக்கு சுமார் 180 செ.மீ., பச்சைக்கு 90, நீலத்துக்கு 60, கறுப்புக்கு 30. சராசரிச் சரிவு பச்சையில் 5 சதவீதத்துக்குள், நீலத்தில் 10-க்குள், கறுப்பில் 15-க்குள். மூன்றாவது அளவு, தவிர்க்க முடியாத தடைகளின் உயரம். அதாவது, ஒதுங்கிப் போக வழியில்லாமல் சக்கரம் ஏறி இறங்கியே ஆகவேண்டிய கல், வேர், படி. பச்சையில் அது 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நீலத்தில் 20. கறுப்பில் 38.

இந்த மூன்றாவது வரிசையில்தான் என் கண் நின்றது. அகலமும் சரிவும் ஓரளவு படிப்படியாக மாறுகின்றன. தடையின் உயரம் மட்டும் பச்சையிலிருந்து நீலத்துக்கு நாலு மடங்கு எகிறுகிறது. நீலத்திலிருந்து கறுப்புக்கு இரண்டு மடங்குகூட ஆகவில்லை. 5 செ.மீ. என்பது மூணு விரல் உயரம். சக்கரம் தானாக ஏறிவிடும். 20 செ.மீ. என்பது மாடிப்படி ஒன்றின் உயரம். அதில் ஏற முன்சக்கரத்தைத் தூக்கத் தெரியணும். இறங்க, பெடலில் நின்றுகொண்டு உடம்பைப் பின்னுக்குத் தள்ளத் தெரியணும். இரண்டுக்கும் நடுவில் பிரேக்கை எப்போது விடுவது என்று தெரியணும். பச்சைத் தடத்தில் ஆயிரம் முறை சுற்றினாலும் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கைக்கு வராது. ஏனென்றால் அங்கே அதற்கான தேவையே இல்லை. பச்சையில் சலித்துப்போனவன் நீலத்தில் போய் விழுகிறான். விழுந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப எழுந்து ஓட்டுவார்கள். மீதிப் பேர் சைக்கிளைக் கழுவி மாடியில் வைத்துவிடுவார்கள். எல்லாத் திறன் நிலைக்கும் தடம் உண்டு என்கிற வாக்குறுதி ஓட்டை விழுகிற இடம் இதுதான்: நிலைகள் இருக்கின்றன, நிலைகளுக்கு நடுவே படிக்கட்டு இல்லை.

நியாயமாகச் சொன்னால், இது தெரியாமல் செய்த முறை இல்லை. அளவுகளை உள்ளூர் நிலத்தோடு ஒப்பிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும் என்று இம்பாவே சொல்கிறது. இந்தத் தரம் ஓட்டும் நுட்பத்தை மட்டுமே குறிக்கும், உடம்பு எவ்வளவு களைக்கும் என்பதைக் குறிக்காது என்றும் சொல்கிறது. விஷயம் தெரிந்த தடம் அமைப்பாளர்கள் ஒரே பாதையில் இரண்டு கோடுகள் போடுவார்கள். நடுவில் ஒரு பாறை இருக்கும். ஏற முடிந்தவன் ஏறலாம், முடியாதவன் பக்கத்தில் சுற்றிப் போகலாம். இன்றைக்குச் சுற்றிப் போனவன் அடுத்த வாரம் ஏறிப் பார்ப்பான். ஆனால் இந்தப் புத்தி வரைபடத்தில் தெரியாது. வரைபடத்தில் பச்சை, நீலம், கறுப்பு மட்டும்தான். பூங்காவுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பார்ப்பது வரைபடத்தை.

நம்ம பக்கத்து ஊருணியின் படித்துறையை நினைத்துப் பாருங்கள். தண்ணி ஒன்றுதான். நாலு வயசுப் பிள்ளை முதல் படியில் கால் நனைக்கும். அதன் அக்கா மூணாவது படியில் இடுப்பளவில் நிற்பாள். அண்ணன் கடைசிப் படியில் நின்று உந்தி நீந்துவான். யாருக்கும் தனி ஊருணி கிடையாது, பலகை கிடையாது. பயந்தால் ஒரு படி மேலே வரலாம். தைரியம் வந்தால் ஒரு படி கீழே போகலாம். இப்படி ஒரு படி முன்னே ஒரு படி பின்னே போக முடிகிற தடம்தான் எல்லோருக்குமானது. ஒரு பூங்காவை எடைபோட நான் பார்ப்பது, அதன் கறுப்புத் தடம் எவ்வளவு பயங்கரம் என்பதை இல்லை. பச்சை முடிகிற இடத்திலிருந்து நீலம் தொடங்குகிற இடத்துக்கு எத்தனை படி இருக்கிறது என்பதைத்தான்.

இந்த அளவுகோலை வைத்து மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

முதலாவது பொன்முடி. 2023 அக்டோபர் கடைசியில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை, தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டு எல்லையிலிருந்து தூரமே இல்லை. இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியும்கூட. கேரளம் இதைச் செய்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஆனால் போட்டித் தடம் என்பது பூங்கா ஆகாது. சர்வதேச விதிப்படி நாலு முதல் ஆறு கிலோமீட்டர் சுற்று. அதன் வேலை வல்லவரையும் அதிவல்லவரையும் பிரித்துக் காட்டுவது. முதல் முறை கியர் மாற்றிப் பார்க்கிறவனுக்கு அதில் வேலை இல்லை. நம் பத்திரிகைகளில் மலை சைக்கிள் என்ற சொல் பெரும்பாலும் இப்படிப்பட்ட போட்டிகளின்போது மட்டும்தான் அச்சேறுகிறது. அதனால் அது வீரர்களின் விளையாட்டு, மலைவாசிகளின் விளையாட்டு, லட்ச ரூபாய் சைக்கிள்காரர்களின் விளையாட்டு என்கிற எண்ணம் ஊறிவிட்டது.

இரண்டாவது, சிங்கப்பூர். எங்க மாவட்டத்திலிருந்து வேலைக்குப் போன ஆட்கள் நிறைய இருக்கிற ஊர். அந்த நாட்டின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கித் தீமா. உயரம் 164 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மலை என்று சொல்ல நாக்கு கூசும். அந்த நாடு 2008-இல் புலாவ் உபின் தீவில், பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி, கெத்தாம் மலை சைக்கிள் பூங்காவைத் திறந்தது. கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. சாங்கியிலிருந்து சின்னப் படகில் சைக்கிளோடு ஏறித் தீவுக்குப் போகவேண்டும். குவாரி தோண்டியதால் கிடைத்த மேடு பள்ளங்களையே தடமாக்கினார்கள். மலை இல்லாமலும் மலை சைக்கிள் பூங்கா நடக்கும் என்பதற்குத் தமிழ் பேசுகிற ஒரு நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

ஆனாலும் அங்கே தடத்துக்குப் போட்ட குறியீடுகள் நீலச் சதுரத்தில் தொடங்குகின்றன. பிறகு கறுப்பு டைமண்ட், அதன் பிறகு இரட்டை. பச்சை எங்கே? தேடினால், தீவின் சாதாரணச் சாலைகள்தான் பச்சை. வாடகை சைக்கிளில் குடும்பங்கள் சுற்றுகிற அந்தச் சாலையிலிருந்து நேராக நீலத்துக்குள் நுழைய வேண்டும். நான் மேலே சொன்ன அந்த நாலு மடங்குப் பள்ளம் இங்கே கண்கூடு. பின்னால் வந்த செஸ்நட் இயற்கைப் பூங்கா பரவாயில்லை. 81 ஹெக்டேரில் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. பயந்து பயந்து ஓட்டுகிறவனுக்குத் தன் திறமையின்மையைவிடப் பெரிய கவலை எதிரே நடந்து வருகிற ஆள்தான். அந்த ஆளை அப்புறப்படுத்தியதே பாதிப் பாடம்.

இந்த நடப்பவர், ஓட்டுபவர் சண்டைக்கு வயசு இந்த விளையாட்டின் வயசு. 1976 அக்டோபர் 21-இல் கலிஃபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு மண் சாலையில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டார்கள். ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர அச்சில் இருக்கும் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். இறங்கியதும் திரும்பக் கிரீஸ் அடைக்கணும். அப்படி மறுபடி அடைப்பதைக் குறிக்கும் சொல்லே அந்தப் பாதைக்குப் பெயரானது: ரீபேக். கவனியுங்கள், அவர்கள் ஓட்டியது முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய, பேப்பர் போடுகிற பையன்கள் ஓட்டிய மாதிரி வண்டிகள். அடுத்த வருஷம்தான் ஜோ பிரீஸ் தனிச் சட்டம் செய்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதன் பிறகு வேகம், மோதல், புகார். அதே மாரினில் ஒற்றையடிப்பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன; மண் சாலைகளில் ரேஞ்சர்கள் வேகத்தை அளக்கும் கருவியோடு நின்றார்கள். அப்படிப் பாதைகள் மூடப்பட்டதற்குப் பதிலாகத்தான் இம்பா பிறந்தது. தரக்குறியீடும் கட்டுமான விதியும் எழுதப்பட்டது பாதையை இழந்த அனுபவத்தில்.

ஒற்றையடிப்பாதை என்றேன். மலை சைக்கிள் உலகத்தில் மிகவும் போற்றப்படும் சொல் சிங்கிள்டிராக். ஒரு சக்கரம் போகிற அகலம், வளைந்து நெளிந்து, மண்ணோடு. அதற்காக விமானம் ஏறி ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். நம்ம ஊரில் வயக்காட்டுக்கும் கிணத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனதெல்லாம் அந்தத் தடத்தில்தான். அதில் தவிட்டு மூட்டையை வைத்து ஓட்டிய பெரியவர்களுக்கு யாரும் டைமண்ட் கொடுக்கவில்லை.

மூன்றாவது இடம், தமிழ்நாடு. இங்கே மலை சைக்கிளுக்கென்று அரசு அமைத்து, தரம் பிரித்து, பொதுமக்களுக்குத் திறந்த பூங்கா எதையும் உதாரணமாகக் காட்ட எனக்கு வழியில்லை. அதற்கு மிக நெருக்கமானது நடப்பவர்களுக்கான திட்டம். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம், இணையத்தில் பதிவு, கூட வருவது பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், பெரும்பாலும் மலைக்கிராமத்து இளைஞர்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு பெரிய இழப்புக்குப் பிறகு பூட்டு மட்டும் போடாமல் பாதையும் போட்டார்கள். மாரின் கதையின் நல்ல பதிப்பு இது. ஆனால் இந்தத் திட்டத்தின் அடியில் கிடக்கிற எண்ணத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. சாகசம் என்றால் உயரம், உயரம் என்றால் காடு, காடு என்றால் வனத்துறை. இந்தச் சங்கிலியில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இடமே கிடையாது. எங்களுக்குக் கிடைப்பது கடற்கரையும் கோயிலும்.

இத்தனைக்கும் சைக்கிளைப் பொறுத்தவரை தமிழ்நாடு செய்ததை யாரும் செய்யவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி ஊருக்குள் ஓட்டி வந்ததைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாட்டில் ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்களில் சிலர், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பினார்களாம். எனக்குத் தெரிந்து உலகத்தின் மிகப் பெரிய பச்சை வட்டம் அதுதான். தடமே போடாமல், மைதானத்திலும் ஊர்ப் பொட்டலிலும் நடந்தது. பிறகு 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. பதினொண்ணாம் வகுப்பு சேர்ந்தால் சைக்கிள் உண்டு.

சைக்கிள் வந்துவிட்டது. அடுத்த படி? ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஊர் கொடுக்கிற அடுத்த பாடம் நெடுஞ்சாலைதான். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலு வழி. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரையான 46.7 கி.மீ.யை நாலு வழியாக்க 1,853 கோடி ரூபாய்க்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராமேஸ்வரம் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போனவன் யாரும் சொல்ல மாட்டான். ஆனால் தடக் கணக்கில் பார்த்தால், லாரி உரசிப் போகிற சாலையோரம் என்பது இரட்டைக் கறுப்பு டைமண்ட். பதினாறு வயசுப் பெண்பிள்ளையைப் பச்சையிலிருந்து நேராக அங்கே அனுப்புகிறோம். ஒரு தடவை தடுமாறி விழுந்தால், அல்லது விழப் பார்த்தால்கூட, வீட்டில் ‘இனிமே பஸ்ஸுல போ’ என்று சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டாவது முடிந்ததும் அந்தச் சைக்கிள் தம்பிக்கோ பழைய இரும்புக்கோ போகும். ஒரு கையை விட்டு ஓட்டுவது, திடீரென்று பிரேக் போட்டால் வண்டியை நேராக வைத்திருப்பது, சரளையில் வழுக்கினால் காலை ஊன்றாமல் மீள்வது, பின்னால் வருவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கோடு பிசகாமல் போவது: இதெல்லாம் மலை சைக்கிள் பூங்காவில் பச்சைத் தடமும் பயிற்சி மூலையும் கற்றுத்தருகிற விஷயங்கள். சாலையில் உயிரைக் காப்பாற்றுவதும் இவைதான்.

சரி, இங்கே எங்கே போடுவது? இதைப் பற்றிப் பேசினால் உடனே வருகிற பதில், கண்மாய்க் கரை. உயரம் இருக்கு, நீளம் இருக்கு, நிழல் இருக்கு, காசு செலவில்லை. எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. கரை மேல் சக்கரம் தொடர்ந்து ஓடினால் நடுவில் குழி விழும். ஐப்பசி மழையில் அந்தக் குழியே ஓடையாகும். ஓடை கரையை அறுக்கும். கரை அறுந்தால் போவது ஆயக்கட்டு முழுக்க ஒரு வருஷச் சாப்பாடு. வைகைத் தண்ணி வருமா வராதா என்று ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வாய் பார்த்துக் காத்திருக்கிற சீமையில் கரையோடு விளையாடக் கூடாது. வைகை ஆற்றுக்குள் போடலாம் என்பது இரண்டாவது யோசனை. மணலில் சக்கரம் புதையும். சித்திரையில் அழகர் இறங்குகிற இடம். வெள்ளம் வந்தால் மொத்தமும் போச்சு.

என் பதில் இன்னும் சாதாரணமானது: சைக்கிள் கொடுக்கிற இடத்திலேயே. மேல்நிலைப் பள்ளி மைதானத்தின் ஒரு ஓரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சை வட்டத்துக்குச் சராசரிச் சரிவு 5 சதவீதம் போதும். மூணு மீட்டர் உயர மண்மேடு ஒன்றிலிருந்து அந்தச் சரிவில் இறங்கினால் 60 மீட்டர் நீளத் தடம் கிடைக்கும். வளைத்து வளைத்துப் போட்டால் அது சின்ன மூலைக்குள் அடங்கிவிடும். மேடே வேண்டாம் என்றால் அலை அலையான மண் திட்டுகள் போதும். மேலை நாடுகளில் இதைப் பம்ப் டிராக் என்கிறார்கள். மிதிக்காமல், கையாலும் காலாலும் வண்டியை அமுக்கி அமுக்கியே ஓட்டுவது. திட்டின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு இடைவெளி என்பது பொதுவான கைக்கணக்கு. ஒரு அடி உயரத் திட்டு என்றால் பத்து அடிக்கு ஒன்று. இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அரசு கொடுக்கிற சைக்கிளில் முன்கூடை, செயின் கார்டு, மட்கார்டு, கேரியர் எல்லாம் இருக்கும். சீட்டைச் சட்டென்று இறக்க முடியாது. பம்ப் டிராக்கில் அது தடதடவென்று ஆடுமே தவிர பறக்காது. அதனால் முதலில் பச்சைச் சுற்று, அதற்கும் நீலத்துக்கும் நடுவில் மூணு விரல், அஞ்சு விரல், ஒரு சாண் என்று ஏறுகிற மரக்கட்டைத் தடைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒதுங்கிப் போக வழி. அவ்வளவுதான். கடையில் தொங்குகிற தடிமன் டயர், முன்பக்க ஸ்பிரிங், சின்னக் கியர் வைத்த ‘எம்டிபி’ வண்டிகளை வாங்கி மாடியில் வைத்திருக்கிற பையன்களுக்கும் முதன்முதலாக அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு வேலை கிடைக்கும்.

மண் வேலையைப் பொறுத்தவரை யாரும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. தடக் கட்டுமான விதிகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே எதிரியைப் பற்றியவை: தண்ணி. தடம் வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்கணும், தண்ணி வழிந்துவிடும். இறக்கத்தின் நடுவே அங்கங்கே சின்ன ஏற்றம் வைக்கணும், தண்ணி அதைத் தாண்டாமல் வெளியேறும். குன்றின் சரிவில் பாதிக்கு மேல் தடத்தின் சரிவு போகக் கூடாது, போனால் தடமே வாய்க்கால் ஆகிவிடும். மடையும் கலுங்கும் வைத்துத் தண்ணியைத் தேக்கத் தெரிந்த ஆட்களுக்கு அதே தண்ணியை ஒதுக்கிவிடுவது பெரிய வித்தையா? எங்க பக்கம் உள்ள சிக்கல் வேறு. சமதரையில் தண்ணி ஓடாது, நிற்கும். அதனால் தடத்தைத் தரையைவிட ஒரு சாண் தூக்கிப் போடணும். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்குப் பிறகு சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது. மேலே செம்மண் கொட்டி இறுக்கணும். கார்த்திகையில் தடத்தை மூடிவைக்கணும். மழை நாளில் தடத்தை மூடுவது வெளிநாடுகளிலும் வழக்கம்தான்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் ராமநாதபுரத்தில் சைக்கிளைப் பற்றி எழுத முடியுமா? சீமைக்கருவேலம் ஒரு பக்கம், நெருஞ்சி ஒரு பக்கம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் ‘ஆட்டுத்தலை’ என்று திட்டுகிற முள் ஒன்று உண்டு. படிக்கும்போது என்னடா இது என்று தாவரப் பெயரைத் தேடினேன்: டிரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ். நம்ம நெருஞ்சியேதான். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் அதைப் பிடுங்கி ஒழிக்கச் சைக்கிள்காரர்கள் அந்த முள்ளின் பெயரிலேயே திருவிழா நடத்துகிறார்கள். டயருக்குள் பால் மாதிரி ஒரு ரப்பர் திரவத்தை ஊற்றி ஓட்டையைத் தானே அடைக்க வைப்பது அவர்கள் வழி. எங்களுக்கு முக்குக்கு முக்கு பஞ்சர் கடை.

கட்டுவது சுலபம், காப்பது கஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊராட்சிகளில் ஆசையாகக் கட்டிய பூங்காக்கள் பல பூட்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். உடற்பயிற்சிக் கருவிகளில் துணி காய்கிறது. மண் தடத்துக்கு ஒரு வசதி உண்டு: துரு பிடிக்காது. ஒரு குறையும் உண்டு: ஒவ்வொரு மழைக்கும் பிறகு மண்வெட்டி எடுக்கணும். வெளிநாட்டுத் தடங்கள் பலவும் உயிரோடு இருப்பதே ஓட்டுகிறவர்கள் மாதம் ஒரு நாள் வந்து மண் அள்ளிப் போடுவதால்தான். இதற்கு நம்மிடம் குடிமராமத்து என்று பழைய பெயரே இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கட்டி, ரிப்பன் வெட்டி, சாவியை அலுவலகத்தில் கொடுக்கிற மாதிரி இது நடந்தால் ஒரே வருஷத்தில் நெருஞ்சி மூடிவிடும். ஓட்டுகிற பிள்ளைகளே வெட்டிய தடமாக இருந்தால் பிழைக்கும்.

யார் ஓட்டுவது என்பதையும் முதல் நாளே எழுதிவைக்கணும். மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015-இல் ஒரு ஸ்கேட்போர்டு தளம் கட்டினார்கள். அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்டிங் கிடையாது; பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். பையன் ஓட்டிக்கொண்டிருந்தாலும், பெண் கேட்டால் பலகையைக் கொடுத்துவிடணும். இந்த இரண்டாவது விதி இல்லாமல் எங்க ஊரில் ஒரு தடம் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன்கள் கூட்டம் ஒன்று வந்து மேட்டில் நின்றுகொள்ளும். கைதட்டலும் கேலியும் ஆரம்பிக்கும். பிள்ளைகள் ஒரு வாரம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பச்சை, நீலம், கறுப்பு என்று எத்தனை பலகை நட்டாலும் அந்த மேட்டில் நிற்கிற கூட்டம்தான் உண்மையான தரக்குறியீடு. எமனேசுவரத்திலோ பரமக்குடியிலோ தறிக்கு உட்காருவதற்கு முன் அரை மணி நேரம் கிடைக்கிற பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் அவளுடையதாக இருக்கணும். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் மட்டும் என்று ஒரு பலகை. அந்தப் பலகையை முதலில் நடலாம், டைமண்டை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு கடைசிக் குறிப்பு, மண்வெட்டி எடுக்க நினைக்கிறவர்களுக்காக. தை கடைசியில் ஆரம்பியுங்கள். மழை நின்று மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், வெட்டினால் வெட்டுப்படும், மிதித்தால் இறுகும். ஒரு பிடி அள்ளி உருட்டிப் பாருங்கள்: உருண்டை உடையாமல் நின்று, விரலால் அழுத்தினால் நாலாகப் பிளந்தால் தடத்துக்கு நல்ல மண். கையில் ஒட்டினால் களி அதிகம், ஆற்று மணல் கொஞ்சம் சேர்க்கணும். பங்குனிக்குத் தள்ளிப் போட்டால் கரிசல் வெடித்துக் கல்லாகிவிடும், கடப்பாரைதான் எகிறும்.